அவில்தார்கள் எழுதாத போர்



ஏற்காட்டுக்குக் குளிரும் காபியும் தேடி வந்தவர்களிடம் போரைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். காபியிலிருந்தே தொடங்கிவிடுகிறேன். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்தச் சேர்வராயன் மலையில் காபி பயிரிட்டார். பிறகு கடல் தாண்டி இலங்கையின் கண்டியிலும் காபித் தோட்டங்கள் பெருகின. அங்கே கூலிக்குப் போனவர்களில் நம் சேலம் ஜில்லாக்காரர்கள் ஏராளம். கண்டிச்சீமை நமக்கு எந்தக் காலத்திலும் அன்னிய தேசமாக இருந்ததில்லை.

அந்தத் தீவில்தான் 1987 ஜூலை கடைசியில் நம் ராணுவம் அமைதிப்படை என்ற பெயரில் இறங்கியது. யாழ்ப்பாணத்துச் சனம் மாலை போட்டு வரவேற்றது. இரண்டரை மாதம்கூட ஆகவில்லை. அக்டோபர் 10 அன்று அதே தெருக்களில் அதே படை விடுதலைப் புலிகளோடு சண்டையைத் தொடங்கியது.

தளபதிகள் எழுதிவிட்டார்கள். தெபிந்தர் சிங் எழுதினார், சர்தேஷ்பாண்டே எழுதினார். 54ஆவது டிவிஷனை நடத்திய ஹர்கிரத் சிங்கும் எழுதினார். பேச்சுவார்த்தைக்கு வரும் புலிகளின் தலைவர் பிரபாகரனைச் சுட்டுவிடும்படி இந்தியத் தூதர் தீட்சித் சொன்னாராம். வெள்ளைக்கொடியின் கீழ் வருகிறவரைச் சுடமாட்டோம் என்று இவர் மறுத்தாராம். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. தன் கட்சியைச் சொல்ல அவருக்கு ஒரு புத்தகம் வாய்த்தது.

அக்டோபர் 11 நள்ளிரவை ஒட்டி யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் ஹெலிகாப்டரிலிருந்து இறங்கிய சீக்கிய இலகு காலாட்படையினர் 30 பேருக்கு அது வாய்க்கவில்லை. 29 பேர் மாண்டார்கள். ஒருவர் பிடிபட்டார்.

அவர்களுக்காவது பாஷை தெரியாது. நம் மதராஸ் ரெஜிமெண்ட் சிப்பாயை நினைத்துப் பாருங்கள். 'வீர மதராசி, அடி கொல்லு' என்று முழங்கப் பழகியவன். சோதனை போட நுழைந்த வீட்டில் கிழவி ஒருத்தி சபித்தால், ஒவ்வொரு சொல்லும் அவனுக்கு விளங்கியிருக்குமே! அந்த நிலைமையை எந்த ஜெனரல் எழுதுவார்?

அக்டோபர் 21, தீபாவளி. யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் புகுந்த நம் படையினர் டாக்டர்களையும் தாதிகளையும் நோயாளிகளையும் சுட்டுக் கொன்றார்கள். நம் ஆட்களாயிற்றே என்று இதை விழுங்கிவிட்டுப் பேச எனக்கு வாய் வரவில்லை. அந்த நாட்களை 'முறிந்த பனை' நூலில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர் ராஜினி திராணகமவும் நண்பர்களும் பதிந்தார்கள். அதில் புலிகளுக்கும் சலுகை கிடையாது. 1989 செப்டம்பரில் ராஜினி சுட்டுக் கொல்லப்பட்டார்.

1990 மார்ச்சில் கடைசிப் படை திரும்பியது. சென்னைக்கு வந்தவர்களை வரவேற்க முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் திரும்பவே இல்லை. அவர்களில் பரம்வீர் சக்ரா பெற்ற மேஜர் பரமேஸ்வரன் பெயராவது சிலருக்குத் தெரியும். உயிரோடு வந்த நாயக்கும் அவில்தாரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் பஸ் ஏறினார்கள். எந்தப் பக்கத்துக்காரரிடம் எதைச் சொல்வது? வாயைத் திறக்காமல் இருந்துவிட்டார்கள்.

இன்று அவர்களுக்கு அறுபது, எழுபது வயது. தயவுசெய்து மேடைக்கு இழுத்துவந்து சால்வை போட்டு அனுப்பிவிடாதீர்கள். திண்ணையில் பக்கத்தில் உட்காருங்கள், போனில் பதிவு செய்யுங்கள். வீரக்கதை கேட்டு நச்சரிக்க வேண்டாம். யாழ்ப்பாணத்தில் யார் தண்ணீர் கொடுத்தார்கள், யார் கதவைச் சாத்தினார்கள் என்று கேளுங்கள். பிறகு நம் மாவட்டத்து இலங்கைத் தமிழர் முகாம்களுக்கும் போய், அன்று கதவுக்கு உள்ளே இருந்தவர்கள் யாரேனும் இருந்தால் அவர்களிடமும் கேளுங்கள். எழுதித் தர ஆளில்லை என்றால் இந்த வாசகர் வட்டத்தில் நான்கு பேர் தயாராக இருக்கிறார்கள்.