வெளியே வந்த மறுநாள்
(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அடி உதை தாங்காமல் பிள்ளைகளோடு வெளியே வந்த பெண்ணைப் பார்த்து, "இத்தனை நாள் ஏன் பொறுத்துக்கொண்டாய்?" என்று கேட்கிறோம். மறுநாள் அவள் எங்கே தங்குவாள் என்று கேட்பதில்லை. நான் பேச வந்தது அந்த மறுநாளைப் பற்றி.

முதலில் வீடு. வாடகைக்குக் கேட்டுப் போனால், "வீட்டுக்காரர் என்ன வேலை பார்க்கிறார்?" என்பதுதான் முதல் கேள்வி. "நானும் பிள்ளைகளும் மட்டும்தான்" என்றால் கதவு சாத்திவிடும். குற்றாலம் பக்கம் இன்னொரு சிக்கல். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சீசன். தின வாடகைக்கு ஆள் வரும்போது மாத வாடகைக்கு யார் கொடுப்பார்? வருமானத்தை விடுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஒன்றுக்கு மேல் வீடு வைத்திருப்பவர்கள், சீசனிலும் காலி செய்யச் சொல்லாமல், பதினோரு மாத ஒப்பந்தத்தில் ஒரு வீட்டைக் கொடுங்கள். அட்வான்ஸைத் தவணையாக வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது சட்டம். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம் 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. வீடு கணவர் பெயரில் இருந்தாலும் மனைவிக்கு அதில் குடியிருக்கும் உரிமை உண்டு. பாதுகாப்பு, பராமரிப்புப் பணம், பிள்ளைகளைத் தற்காலிகமாகத் தன்னிடம் வைத்துக்கொள்வது எல்லாவற்றுக்கும் மாஜிஸ்திரேட்டிடம் ஒரே மனுவில் கேட்கலாம். வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்குச் சட்ட உதவி இலவசம், எண் 15100. பக்கத்து வீட்டில் கொடுமை நடப்பது தெரிந்தால் நீங்களே பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் சொல்லலாம். நல்லெண்ணத்தில் சொன்னவர் மேல் வழக்கு வராது என்று அதே சட்டம் சொல்கிறது.

பிள்ளைகளின் படிப்பு நிற்கக் கூடாது. எட்டாம் வகுப்பு வரை, டி.சி. வரத் தாமதம் என்பதற்காக அரசுப் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ சேர்க்கையை மறுக்க முடியாது. நம் மாவட்டத்தில் பீடி சுற்றியே பிள்ளைகளைப் படிக்கவைக்கும் தாய்மார்கள் பலர். பீடித் தொழிலாளர் அட்டை இருந்தால் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். ஆகவே வீட்டிலிருந்து எடுத்துவர வேண்டியவற்றில் முதலில் அந்த அட்டை, ஆதார், ரேஷன் கார்டு, பிறப்புச் சான்றிதழ், பாஸ்புக். நகையும் பாத்திரமும் பிறகு.

கடைசியாக, காசு செலவில்லாத உதவிகள் மூன்று. அவள் எந்த வீட்டில் இருக்கிறாள் என்று யார் கேட்டாலும், "நான் அவள் சித்தப்பா" என்றே சொன்னாலும், வழி காட்டாதீர்கள். வாட்ஸ்அப் குழுவிலும் போடாதீர்கள். பிள்ளையிடம் "அப்பா எங்கே?" என்று கேட்காதீர்கள். "விட்டுக்கொடுத்துப் போம்மா" என்று பெரியவர்கள் யாரும் பஞ்சாயத்து பேசாதீர்கள்.

பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. இரண்டையும் இப்போதே போனில் பதிந்துகொள்ளுங்கள். வீடு கொடுக்க மனமுள்ளவர்கள் செயலாளரிடம் தனியாகச் சொல்லுங்கள். வரப்போகிறவளின் கதையைக் கேட்க வேண்டாம். சாவியை மட்டும் கொடுத்தால் போதும்.