ஆற்றுப்படையும் ஐந்து கடவுச்சீட்டுகளும்

(வானொலி இலக்கியத் தொடரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



திருகோணமலை மாவட்டத்தின் தென் கோடியில், வெருகலுக்கு அண்மையில், களப்பு கடலோடு கலக்கும் இடத்தில் இருக்கிறது எங்கள் ஊர். இலங்கைத்துறை முகத்துவாரம் என்பது அதன் முழுப் பெயர். துறை என்றால் இறங்கும் இடம். ஏறும் இடமும் அதுதான். அப்படி ஒரு பெயரைத் தாங்கிய ஊரில் பிறந்தும், அறுபது வயது வரை நான் கடல் கடந்து எங்கும் போனதில்லை. ஓர் ஆசிரியரின் சம்பளத்தில் அந்த நினைப்பே வந்ததில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆயினும், 2025ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் நாங்கள் ஐந்து பேர் தமிழகம் போய் வந்தோம். எண்பத்து நான்கு வயதான என் தாயார், நான், என் மனைவி, எங்கள் மகன், அவனுடைய ஆறு வயது மகள். வசதி குறைந்த ஒரு குடும்பம் கடல் கடந்து போய் வருவது எப்படி என்ற கேள்விக்கு விடை தேடியபோது, நான் நாற்பது ஆண்டுகளாக வகுப்பறையில் படிப்பித்த ஓர் இலக்கிய வகை எனக்குக் கைகொடுத்தது. அதனைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

ஆற்றுப்படை என்பது அந்த வகை. ஆறு என்றால் வழி. பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன் ஒருவன், வறுமையோடு எதிரே வரும் இன்னொருவனைக் கண்டு, 'நான் போய் வந்தேன், நீயும் போ, வழி இது' என்று சொல்லுவதாக அமைவது. கூத்தர், பாணர், பொருநர், விறலியர் ஆகியோருக்கு உரிய துறையாகத் தொல்காப்பியர் இதனை வகுத்தார். பத்துப்பாட்டில் சரிபாதி, அதாவது ஐந்து பாட்டுகள், ஆற்றுப்படைகளே. பள்ளிக்கூடத்தில் நாம் இவற்றை வள்ளல்களின் புகழ் பாடும் நூல்களாகவே படித்தோம். ஆனால், வழி கேட்டு நிற்பவனின் பக்கத்தில் நின்று படித்தால் இவை பிரயாண நூல்கள். அதிலும், கையில் காசில்லாத குடும்பம் ஒன்று மனைவி மக்களோடும் சுற்றத்தோடும் அயல் நாட்டுக்குப் போவதற்கான பிரயாண நூல்கள்.

இடைக்கழி நாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படை 269 அடிகளைக் கொண்டது. அதில் பாணன் தன் பழைய வறுமையை நினைவு கூருகிறான். குப்பையில் முளைத்த வேளைக் கீரையைப் பறித்து, உப்புக்கும் வழியின்றி அவித்து, அயலார் பார்த்துவிடுவார்களே என்று வாயிற் கதவைச் சாத்திவிட்டுச் சுற்றத்தோடு உண்டார்களாம். பசியிலும் கொடியது அந்த நாணம். நேயர்களே, முகாம்களில் வாழ்ந்தவர்களுக்கு இந்த இடத்தை விளக்கத் தேவையில்லை.

எங்கள் குடும்பத்தின் பயணக் கதையும் அப்படி ஒரு காலத்திலேயே தொடங்குகிறது. 1990ஆம் ஆண்டு ஜூன் மாதம் யுத்தம் மீண்டும் மூண்டது. என் அக்காவும் அத்தானும் கைக்குழந்தையோடு மன்னார்க் கரைக்குப் போய், இரவில் வள்ளம் ஏறி இராமேசுவரத்தில் இறங்கினார்கள். அக்காவின் காப்பு இரண்டும் வள்ளக் கூலிக்குப் போயின. எங்கள் குடும்பத்தின் முதல் வெளிநாட்டுப் பயணத்துக்குக் கடவுச்சீட்டு இல்லை; திரும்பி வரும் நாளும் இல்லை. மண்டபம் முகாமில் பதிந்து, பின் திருச்சிராப்பள்ளிக்கு அப்பால் ஒரு முகாமுக்கு மாற்றப்பட்டு, அங்கேயே அக்கா முப்பத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்துவிட்டார். இந்த முகாம்களுக்கு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று தமிழக அரசு 2021இல் பெயர் மாற்றியது. அங்கே பிறந்த அக்காவின் இளைய மகளுக்குக் கலியாணம் பேசி முடித்த செய்தி வந்ததும், அம்மா ஒரே ஒரு வசனம் சொன்னார். "தம்பி, அவளை ஒருக்காப் பார்த்திட்டு வந்திடுவம்."

ஒரு காலத்தில் இது கடினமான காரியமாக இருக்கவில்லை. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. இரு கரையிலும் றெயில் வந்து நிற்கும். சென்னையிலிருந்து கொழும்பு வரை ஒரே சீட்டு. 'போட் மெயில்' என்று எல்லோரும் சொன்ன பயணம் அது. திருகோணமலையில் றெயில் ஏறி, மாகோவில் மாறி, தலைமன்னாருக்குப் போன கதையை என் தகப்பனார் நூறு தடவை சொல்லியிருப்பார். 1962இல் தம் தாயாரைச் சிதம்பரத்துக்குக் கூட்டிப் போனார். கட்டுச்சோறும் ஒரு தகரப் பெட்டியும் போதுமாயிருந்தன. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் இராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980களின் நடுப்பகுதியில் நின்றது. யுத்தத்தின் பின் தலைமன்னார் றெயில் பாதை திருத்தப்பட்டு 2015இல் றெயில் மீண்டும் ஓடியது, கப்பல்தான் வரவில்லை.

பிறகு நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு வழி பிறந்தது. 2023 ஒக்டோபர் 14ஆம் திகதி 'செரியபாணி' என்ற கப்பல் வந்தது. ஏறக்குறைய அறுபது கடல் மைல். நாலு மணி நேரம். தொடக்க நாளில் 2,800 இந்திய ரூபா என்று சலுகை கொடுத்தார்கள். வழமையான கட்டணமோ வரியோடு 7,670 ரூபா. தனி ஆளுக்கு அது ஒரு தொகை. ஐந்து பேருக்கு, போக வர, 76,700 இந்திய ரூபா. குடும்பப் பயணத்தின் முதல் எதிரி இந்தப் பெருக்கல் வாய்பாடுதான். 2024 ஓகஸ்டில் 'சிவகங்கை' என்ற கப்பலோடு சேவை மீண்டும் தொடங்கியபோது கட்டணம் 5,000 ரூபா அளவுக்கு இறங்கியது. அப்போதுதான் நான் ஒரு கொப்பியை எடுத்து எழுதத் தொடங்கினேன். மேசையில் பத்துப்பாட்டும் இருந்தது.

ஆற்றுப்படையில் முதலில் கிடைப்பது போய் வந்தவனின் சொல். எனவே நானும் போய் வந்தவர்களைத் தேடினேன். மூதூரில் ஒருவர், யாழ்ப்பாணத்தில் ஒரு குடும்பம். அவர்கள் சொன்னவற்றை எந்த விளம்பரத்திலும் நான் காணவில்லை. குழந்தைக்கும் தனிக் கடவுச்சீட்டு வேண்டும். எல்லாருடைய கடவுச்சீட்டும் ஆறு மாதத்துக்கு மேல் செல்லுபடியாக வேண்டும். வீசா எடுக்கும்போது, அந்த வகை வீசா நாம் இறங்கும் துறைமுகத்தில் ஏற்கப்படுமா என்று கேட்டு உறுதி செய்த பின்பே கப்பலுக்குப் பணம் கட்ட வேண்டும். பொதியின் நிறை அளவு அடிக்கடி மாறும், ஆகவே புறப்படும் வாரத்தில் மறுபடி கேட்க வேண்டும். வீட்டில் எல்லோரும் சீட்டு, சீட்டு என்றே பேசினோம். கடவுச்சீட்டு, கப்பற்சீட்டு இரண்டுக்கும் பணம் தந்தது என் மனைவி ஒன்றரை வருடமாகக் கட்டி வந்த ஊர்ச் சீட்டு.

அதிக காலம் பிடித்தது அம்மாவின் கடவுச்சீட்டு. 2006இல் ஈச்சிலம்பற்றுப் பிரதேசம் முழுவதும் இடம்பெயர்ந்து வாகரை வழியாக மட்டக்களப்புக்குப் போனபோது, வீட்டோடு பத்திரங்களும் போயின. பிறப்புப் பதிவைத் தேடி, கிடைக்காமல், உத்தேச வயதுப் பத்திரம் எடுத்து, அடையாள அட்டையில் உள்ள பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்பார்த்து முடிக்க நாலு மாதம் சென்றது. வயோதிபர்களோடு போக எண்ணும் நேயர்கள், சீட்டு விலை பார்க்குமுன் பெட்டியைத் திறந்து பத்திரங்களைப் பாருங்கள்.

இரண்டாவது, காலம். பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம் 583 அடிகள் உடைய நீண்ட ஆற்றுப்படை. செங்கண்மாவுக்குப் போகும் கூத்தருக்கு அது எச்சரிக்கை சொல்கிறது. பன்றிக்கு வைத்த பொறிகள் வழியில் உண்டு, விடிந்த பிறகு நட. தினைப்புனம் காப்போர் யானைக்கு எறியும் கவண்கல் வரும், மரத்தின் பின்னே ஒதுங்கிக்கொள். எப்போது நடப்பது என்று தெரிந்தால் பாதி ஆபத்துக் குறையும் என்பது அதன் உட்பொருள். எங்கள் கடலோரத்தில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஐப்பசியில் வாடை பெயர்ந்தால் தை வரை கடல் குமுறும். 2023இல் தொடங்கிய அந்தக் கப்பலும் சில நாட்களிலேயே வாடைக் கடலுக்காக நிறுத்தப்பட்டது. மாப்பிள்ளை வீட்டார் தை மாதத்தில் நாள் பார்த்திருந்தார்கள். அக்கா அவர்களிடம் பேசி ஆவணிக்கு மாற்றினார். ஒரு கிழவிக்காகக் கலியாண நாளை மாற்றச் சம்மதித்த அந்த மனிதர்களை நான் வள்ளல்கள் என்றே சொல்வேன்.

மூன்றாவது, தங்கலும் உணவும். சிறுபாணாற்றுப்படையில் வழிநெடுகச் சாப்பாடு காத்திருக்கிறது. எயிற்பட்டினத்துப் பரதவர் சுட்ட மீன் கொடுப்பார்கள். வேலூர் வேட்டுவர் புளிச்சோறும் இறைச்சியும். ஆமூர் உழவர் அரிசிச் சோறும் நண்டுக் கறியும். ஒவ்வொரு நிலத்திலும் அந்த நிலத்தாரின் சாப்பாடு. இது வெறும் கற்பனை என்று எண்ண வேண்டாம். செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு நடந்து போகும் அடியார்களை வெருகலில் ஆண்டுதோறும் காண்கிறோம். வேலைப் பின்தொடர்ந்து, குழந்தை குட்டிகளோடு, நீண்ட தூரம் நடக்கிறார்கள். ஊருக்கு ஊர் யாரோ சோறு போடுகிறார்கள். அதே முறையில் எங்கள் பாதையையும் உறவு வீடுகளின் மேல் அமைத்தோம். வவுனியாவில் ஒரு பகல், யாழ்ப்பாணத்தில் ஓர் இரவு, நாகபட்டினத்தில் முன்னாள் மாணவன் ஒருவனின் மாமியார் வீடு. முகாம் வீட்டில் ஐந்து பேருக்கு இடமில்லை என்பதால், அக்கா பக்கத்துத் தெருவில் ஓர் அறை பேசி வைத்திருந்தார். போகும் வழியில் விடுதிக்கென்று நாங்கள் ஒரு சதமும் கொடுக்கவில்லை. உறவினரிடம் வெறுங்கையோடு போகாமல் அரிசியும் தேயிலையும் கொண்டு போனோம். அந்தச் செலவையும் கொப்பியில் எழுதியிருக்கிறேன்.

நான்காவது, என் மனத்தை மிகவும் தொட்டது. சிறுபாணாற்றுப்படையின் தொடக்கத்தில், கொதிக்கும் பகலில் அந்தக் கூட்டம் ஒரு மர நிழலில் தங்குகிறது. நடந்து களைத்த விறலியரின் பாதங்களை இளையவர்கள் மெல்ல வருடிக் கொடுக்கிறார்கள். கூட்டத்தில் மிகவும் களைத்தவரின் காலுக்கு ஏற்றபடியே எல்லோரும் நிற்கிறார்கள். மலிவாகப் போக வேண்டும் என்று நினைக்கிறவர்கள் இரவிரவாக பஸ்ஸில் ஓடி, ஒரு நாளில் மூன்று ஊர் பார்க்கத் திட்டமிடுவார்கள். மகனும் அப்படித்தான் மதுரை, தஞ்சாவூர், வேளாங்கண்ணி என்று எழுதினான். அம்மாவின் முழங்காலைப் பார்த்து ஒவ்வொன்றாக வெட்டினோம். வெட்ட வெட்டச் செலவும் குறைந்தது. கடைசியில் மிஞ்சியது ஓர் ஊரும் ஒரு வீடும்தான்.

அம்மாவின் பொதியில் ஒரு சிறு பொட்டலம் இருந்தது. முகத்துவாரத்தில் பிடித்துக் காயவைத்த கூனி இறால். "நிறை கூடப் போகுது, அப்பம்மா" என்று மகன் சொன்னபோது, தன் மாற்றுச் சேலை ஒன்றை எடுத்து வெளியே வைத்துவிட்டு, பொட்டலத்தை உள்ளே வைத்தார்.

முகாமுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. நான் எதிர்பார்த்தபடி யாரும் கதறி அழவில்லை. அக்கா வாசலில் நின்றார். அம்மா அவரை மேலும் கீழும் பார்த்து, "நரைச்சிட்டுதடி" என்றார். அவ்வளவுதான். அன்றிரவு கூனி இறாலை வறுத்துத் தேங்காய்ப்பூவோடு சம்பல் இடித்தார்கள். சாப்பிட்ட பின், வீங்கிப்போன அம்மாவின் கால்களை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அக்கா நெடுநேரம் தடவிக்கொண்டிருந்தார். என் பேத்தியும் போய் மற்றக் காலைப் பிடித்தாள். மிகப் பழமையான ஒரு பாட்டின் அடிகளை நான் கண் முன்னே பார்த்துக்கொண்டிருந்தேன். படிப்பித்த காலத்தில் எனக்கு அவை விளங்கவில்லை என்பதும் அப்போதுதான் விளங்கியது.

ஊர் திரும்பிய மறுநாளே பக்கத்து வீட்டார் வந்தார்கள். அவர்களுக்கும் அக்கரையில் ஒரு பிள்ளை. "மாஸ்ரர், எவ்வளவு முடிஞ்சுது?" என்று கேட்டார்கள். தொகையைச் சொல்லுவதற்கு முன் கொப்பியைக் கொடுத்தேன். எந்த மாதம், எந்தப் பத்திரம், எந்த வீட்டில் சோறு, எதை வெட்டலாம் என்று எல்லாம் அதில் இருக்கிறது. கட்டணங்கள் மாறும், கப்பல் நிற்கும், மீண்டும் ஓடும், அதை அவர்களே விசாரித்துக்கொள்ளட்டும் என்று முதல் பக்கத்தில் எழுதியும் வைத்தேன். அந்தக் கொப்பி இப்போது மூன்றாவது வீட்டில் இருக்கிறது.

பரிசில் பெற்றவன் பேசாமல் வீட்டுக்குப் போயிருந்தால் ஆற்றுப்படை என்ற இலக்கியமே பிறந்திராது. வழியில் நின்று, எதிரே வந்தவனுக்கு வழி சொன்னான். நேயர்களே, நீங்களும் எங்காவது போய் வந்திருந்தால், போகாதவருக்குச் சொல்லுங்கள். உங்கள் ஊரிலும் மகளைப் பார்க்க ஆசைப்படும் ஒரு தாய் இருப்பாள்.