விசுவாசமும் பண்பாடும் பொதுவாழ்வும்

(பங்கின் பொன்விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

பொன்விழா என்றதும் நாம் கோவிலுக்கு வர்ணம் பூசுகிறோம்; கொடிமரத்தைப் புதுப்பிக்கிறோம்; மலர் வெளியிடுகிறோம். இவை யாவும் வேண்டியவையே. ஆயினும் யூபிலி என்ற சொல்லுக்குப் பழைய ஏற்பாட்டில் உள்ள பொருள் இதைவிட ஆழமானது. ஐம்பதாம் ஆண்டில் அடிமைப்பட்டவர் விடுதலை பெறவேண்டும், கைமாறிய நிலம் உரிய குடும்பத்துக்குத் திரும்பவேண்டும் என்பது லேவியர் ஆகமம் தரும் கட்டளை. எனவே யூபிலி கொண்டாடுகிறவர்கள் யாருக்கு எது திரும்பக் கிடைக்கவேண்டும் என்று கணக்குப் பார்க்க வேண்டியவர்கள். அந்த நோக்கோடுதான் இன்று நமக்குத் தரப்பட்ட தலைப்பை அணுக விரும்புகிறோம்.

முதலாவதாக, பண்பாடு.

நம்மிடையே எழுபது வயதைத் தாண்டிய பெரியோர்க்கு இலத்தீன் பூசை நினைவிருக்கும். குருவானவர் பீடத்தை நோக்கி நின்று இலத்தீனில் செபிப்பார். நாம் பின்னால் முழந்தாளிட்டுச் செபமாலை சொல்லுவோம். 1962 முதல் 1965 வரை நடைபெற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கம் இந்நிலையை மாற்றியது. 1963 டிசம்பர் 4ஆம் நாள் வெளிவந்த திருவழிபாட்டுச் சாசனம் தாய்மொழி வழிபாட்டுக்குக் கதவு திறந்தது. 1969இல் இந்தியத் திருச்சபைக்கெனப் பன்னிரண்டு மாற்றங்களுக்கு உரோமை இசைவளித்தது. கைகூப்பி வணங்குவதும், ஆரத்தி எடுப்பதும், எண்ணெய் விளக்கேற்றுவதும் நம் வழிபாட்டில் முறைப்படி இடம் பெற்றன.

இதற்கு வித்திட்டவர்கள் நம் தமிழ் மண்ணில் உழைத்தவர்களே. 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் ராபர்ட் தெ நோபிலி காவி உடுத்தி, மரக்கறி உண்டு, தமிழும் வடமொழியும் கற்றார். அவருடைய முறை சரியா என்று எழுந்த வழக்கில் 1623இல் பாப்பரசர் 15ஆம் கிரகோரியார் அவருக்குச் சாதகமாகவே முடிவு தந்தார். பின்னர் வந்த வீரமாமுனிவர் புனித சூசையப்பரைத் தலைவராக்கித் தேம்பாவணி பாடினார். கிறிஸ்தவனாவதற்குத் தமிழன் தமிழனாக இருப்பதை விடவேண்டியதில்லை என்பதை இவர்கள் நிலைநாட்டினார்கள்.

ஆனால், அன்பர்களே, களத்துமேட்டில் நெல்லோடு பதரும் சேர்ந்தேதான் கிடக்கும். தூற்றாமல் குதிரில் கொட்டுகிறவன் நல்ல விவசாயி அல்லன். மொழியும் இசையும் விளக்கும் கோலமும் உள்ளே வந்த அதே வாசல் வழியாகச் சாதியும் உள்ளே வந்தது. அது வெறும் சமூக வழக்கம், சமயத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று அக்காலத்தில் எண்ணினார்கள். உயர்ந்தவர் எனப்பட்டோருக்கு ஒருவகைக் குருக்கள், ஏனையோருக்குப் பண்டாரசாமிகள் என்று ஏற்பாடு செய்யும் அளவுக்கு அது சென்றது. அதன் விளைவைக் காண நாம் நெல்லை மாவட்டத்து வடக்கன்குளம் வரை போனால் போதும்.

அவ்வூரில்தான் 1745இல் திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர் நீலகண்டர் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். எல்லாச் சாதியாரோடும் உறவாடி உடனமர்ந்து உண்டவர் என்று அவரைக் குறித்துச் சொல்லப்படுகிறது. அரசின் சினத்துக்கு ஆளாகி, துன்புறுத்தப்பட்டு, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே வடக்கன்குளத்தில், அடுத்த நூற்றாண்டில் எழுந்த கோவிலுக்குள், மக்களைச் சாதிவாரியாகப் பிரிக்கும் சுவர் நின்றது! இரு பகுதியாருக்கும் பீடம் தெரியும். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. வேதசாட்சி நனைந்த அதே ஞானஸ்நானத் தண்ணீரில் நனைந்தவர்கள் ஒரே பலியை இரண்டாகப் பிரிந்து நின்று கண்டார்கள்.

1910இல் கௌசானல் அடிகளார் காலத்தில் அச்சுவர் இடிக்கப்பட்டது. எதிர்ப்பு எழுந்தது, தனி இடம் எங்கள் உரிமை என்று வழக்குத் தொடர்ந்தார்கள். சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றும் அக்கோரிக்கை ஏற்கப்படவில்லை. சுவர் போனது, கோவில் விழுந்துவிடவில்லை. சாதியைப் பற்றிப் பேசினால் ஒற்றுமை குலையும் என்று அஞ்சுகிறவர்களுக்கு வடக்கன்குளம் தரும் பதில் இது.

தேவசகாயம் 2022 மே 15 அன்று புனிதராக உயர்த்தப்பட்டார். அதற்கு முன்பாக, அவர் பெயரோடு ஒட்டிவந்த சாதிப் பட்டத்தைத் திருச்சபை விலக்கியது. பீடத்தில் ஏறும்போது பட்டத்தைக் கழற்றிவிட்டுத்தான் ஏறவேண்டும் என்பது இதிலிருந்து விளங்கவில்லையா?

இது புதிய போதனையும் அன்று. அந்தியோக்கியாவில் புற இனத்தாரோடு பந்தியமர்ந்த இராயப்பர், யெருசலேமிலிருந்து சிலர் வந்ததும் எழுந்து விலகினார். புனித சின்னப்பர் அவரை எல்லார் முன்னிலையிலும் கண்டித்தார். கலாத்தியர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் இதைக் காணலாம். ஒரு பந்தியை விட்டு எழுந்திருப்பதைச் சிறிய காரியமாகச் சின்னப்பர் கருதவில்லை. சுவிசேஷத்தின் உண்மையே அதில் அடங்கியிருக்கிறது என்று கண்டார்.

இரண்டாவதாக, பொதுவாழ்வு.

"கோவிலில் செபம் போதாதா, அரசியல் எதற்கு?" என்று கேட்பார் உண்டு. நம் நாட்டு அரசியல் சட்டத்தை வகுத்த அவையில் சேசுசபைக் குருவான ஜெரோம் டிசூசா அடிகளார் உறுப்பினராக இருந்தார். 25ஆம் பிரிவில் மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை பெற்றிருக்கிறோம். 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. முதலில் சொன்னதை நமக்காகக் கேட்டுப் பெறுகிறோம். இரண்டாவதை நம்மிடமே நடைமுறைப்படுத்த வேண்டாமா?

1950இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதியாருக்குரிய சலுகைகளை இந்துக்களுக்கு மட்டும் என்றது. 1956இல் சீக்கியரும், 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறிஸ்தவர்கள் சேர்க்கப்படவில்லை. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மதத்தை அளவுகோலாகக் கொள்வதை நீக்கப் பரிந்துரைத்தது. இந்நீதிக்காக நம் ஆயர்களும் மக்களும் ஆண்டாண்டாகக் குரல் கொடுத்து வந்திருக்கிறார்கள். அது நியாயமான குரல். ஆனால் அரசு வாசலில் நீதி கேட்கும் நாம், கோவில் வாசலுக்குள் அதை மறுத்தால் நம் குரலுக்கு வலிமை ஏது? 2003இல் தமிழக ஆயர்களிடம் பேசிய பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர், சாதி வேற்றுமை திருச்சபையின் பணிக்கே பெருந்தடை என்று எச்சரித்தார். 2016இல் இந்திய ஆயர் பேரவை தலித் மக்களின் மேம்பாட்டுக்கெனத் தனிக்கொள்கையே வெளியிட்டது. பெரியவர்கள் எழுதிவிட்டார்கள், செய்யவேண்டியது பங்கில்தான் இருக்கிறது.

மூன்றாவதாக, நம் பங்கு.

நம் கோவிலுக்குள் சுவர் இல்லை. நன்றி கூறுவோம். ஆனால் கல்லறைத் தோட்டத்தில் யாருக்கு எந்தப் பக்கம் என்று எந்தப் புத்தகத்திலும் எழுதப்படவில்லை. ஆயினும் குழி வெட்டுகிறவருக்கு அது தெரிந்திருக்கிறது. திருவிழாவில் சப்பரம் எந்தத் தெரு முனையில் திரும்பவேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. ஆயினும் அது அங்கே திரும்பிவிடுகிறது. இவையே கண்ணுக்குத் தெரியாத சுவர்கள். கல்லால் கட்டிய சுவரை இடிக்கக் கடப்பாரை போதும். இதை இடிக்க மனம் வேண்டும்.

ஆகவே இப்பொன்விழா ஆண்டில் சில தீர்மானங்களை உங்கள் முன் வைக்கிறோம். இறந்தவர்களை இறந்த நாள் வரிசைப்படி ஒரே தோட்டத்தில், ஒரே தூம்பாவில் கொண்டுசென்று அடக்கம் செய்வோம். சப்பரம் நம் மக்கள் வாழும் எல்லாத் தெருக்களுக்கும் செல்லட்டும். நாள் உபயங்கள் அன்பியங்கள் வாரியாக முறைவைத்து வரட்டும். பங்குப் பேரவையில் எல்லாத் தெருவாரும், சிறப்பாகப் பெண்களும், இடம் பெறட்டும். கிராமசபையில் குடிதண்ணீருக்காகவும் சாலைக்காகவும் பேசும்போது நம் தெருவுக்கு மட்டுமல்லாது, இந்து முஸ்லிம் அயலார் அனைவருக்குமாகவும் பேசுவோம். அதுவே நாம் இவ்வூருக்குத் தரும் யூபிலிக் காணிக்கை.

இவற்றுக்குப் பெரும் பணம் தேவையில்லை. நன்கொடைச் சீட்டும் அச்சடிக்க வேண்டியதில்லை. நற்கருணைப் பந்தியில் ஒரே அப்பத்தை உண்ட நாம், வாசலைத் தாண்டியதும் இராயப்பரைப் போல எழுந்து விலகாதிருந்தால் போதும். நூற்றாண்டு விழாவில் இங்கே கூடப்போகிற நம் பேரப்பிள்ளைகள், இம்மலரைப் புரட்டி, "இப்படியும் ஒரு வழக்கம் இருந்ததா?" என்று வியப்போடு கேட்கட்டும்.

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!