அமெரிக்கன் மாடலும் மட்டாஞ்சேரி சாப்பாவும்

(மட்டாஞ்சேரியில் தமிழ் பேசும் தோழர்களுக்காக நடைபெற்ற அரசியல் வகுப்பில் நிகழ்த்திய உரை)



அமெரிக்காவின் வரலாறும் அதன் அரசியல் சட்டமும் இன்றைய வகுப்பின் பொருள் என்று அறிவித்தபோது, சுமை தூக்கும் தொழிலாளிக்கு இதனால் என்ன பயன் என்று தோழர்கள் சிலர் கேட்டனர். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கான விடை இங்கிருந்து தெற்கே சுமார் ஐம்பது கிலோமீட்டர் தொலைவில், ஆலப்புழையில் இருக்கிறது. 1946-ஆம் ஆண்டில் அங்கிருந்த கயிற்றுத் தொழிலாளர்களும் மீனவர்களும் விவசாயத் தொழிலாளர்களும் அமெரிக்க அரசியல் சட்டத்தின் ஒரு கூறினைத் தங்கள் வாழ்வோடு பிணைந்த விஷயமாக எடுத்துக்கொண்டு விவாதித்தார்கள். ‘அமெரிக்கன் மாடல் அரபிக்கடலில்’ என்பது அவர்களுடைய முழக்கம். நம்மில் பலரும் அதை அறிவோம். ஆனால் அந்த மாடல் எது, அதை ஏன் கடலில் எறியச் சொன்னார்கள் என்று கேட்டால், ‘அமெரிக்கா ஏகாதிபத்திய நாடு, ஆகவே எதிர்த்தார்கள்’ என்ற விடையே வருகிறது. இந்த விடை தவறானது. புன்னப்புரா-வயலார் தியாகிகள் இதைவிட நுட்பமாகச் சிந்தித்தவர்கள்.

நடந்தது இதுதான். போர் முடிந்து, பிரிட்டிஷார் வெளியேறுவது உறுதியாகிக் கொண்டிருந்த நேரம். திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் திவான் சர் சி.பி. ராமசாமி அய்யர் 1946 ஜனவரியில் ஓர் அரசியல் சீர்திருத்தத் திட்டத்தை முன்வைத்தார். வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை. இரண்டு அவைகளைக் கொண்ட சட்டமன்றம். சொத்தையும் வரியையும் பார்த்தே வாக்குரிமை வழங்கப்பட்டுவந்த காலத்தில் இது கவர்ச்சியான வாக்குறுதி. நிர்வாகம் மட்டும் திவானிடம் இருக்கும். மக்கள் தேர்ந்தெடுத்த சட்டமன்றம் எவ்வளவு பெரும்பான்மையோடு எதிர்த்து நின்றாலும் அவரை நீக்க இயலாது. அமெரிக்காவிலும் ஜனாதிபதியை நாடாளுமன்றம் கவிழ்க்க முடியாதே, அதே முறைதான் இது என்பது திவான் தரப்பின் வாதம். ‘அமெரிக்கன் மாடல்’ என்ற பெயர் இப்படித்தான் வந்தது.

இந்த ஒப்பீடு எவ்வளவு நேர்மையானது என்று பார்க்க, அமெரிக்க ஏற்பாட்டை உள்ளபடியே தெரிந்துகொள்வோம். 1787-இல் பிலடெல்பியாவில் வரையப்பட்டு 1789-இல் நடைமுறைக்கு வந்தது அவர்களுடைய அரசியல் சட்டம். சட்டமியற்றும் அதிகாரம் காங்கிரசுக்கு (அங்கே காங்கிரஸ் என்பது கட்சியின் பெயரல்ல, நாடாளுமன்றத்தின் பெயர்), நிர்வாக அதிகாரம் ஜனாதிபதிக்கு, நீதி வழங்கும் அதிகாரம் நீதிமன்றங்களுக்கு என்று பிரித்தார்கள். ஜனாதிபதிக்கு நான்காண்டு நிலையான பதவிக்காலம். அவருடைய அமைச்சர்கள் காங்கிரசின் உறுப்பினர்களாக இருக்கக் கூடாது. நம்பிக்கையில்லாத் தீர்மானம் என்ற ஒன்றே அங்கு கிடையாது. கடுங்குற்றம் புரிந்தால் பிரதிநிதிகள் சபை குற்றம் சாட்ட வேண்டும். செனட் மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மையோடு தண்டிக்க வேண்டும். 1868-இல் ஆண்ட்ரூ ஜான்சன், 1998-இல் கிளின்டன், 2019-இலும் 2021-இலும் டிரம்ப் எனப் பிரதிநிதிகள் சபை நான்கு முறை ஜனாதிபதிகளின் மீது குற்றம் சாட்டியிருக்கிறது. ஒருவரைக்கூடச் செனட் நீக்கியதில்லை. நிக்சன் 1974-இல் தாமாகவே விலகிக்கொண்டார்.

ஆக, ‘நீக்க முடியாத நிர்வாகி’ என்ற மட்டில் சி.பி. சொன்னதில் உண்மை உண்டு. அவர் சொல்லாமல் விட்டதுதான் முக்கியம். அமெரிக்க ஜனாதிபதி தேர்தலில் நின்று வருபவர். நான்காண்டு கழித்து மீண்டும் வாக்காளர்களிடம் வந்து நிற்க வேண்டியவர். திவானோ மன்னரால் நியமிக்கப்பட்டவர். அமெரிக்கக் கருவூலத்தின் சாவி காங்கிரசின் கையில் இருக்கிறது. அதன் ஒப்புதலின்றி ஜனாதிபதி ஒரு காசும் செலவிட முடியாது என்பது சட்டம். ஜனாதிபதி நிராகரித்த மசோதாவை மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளால் காங்கிரஸ் மீண்டும் நிறைவேற்றலாம். இந்தக் கடிவாளங்களில் திவானுக்குப் பிடித்தது ஒன்றுமில்லை. மாமனார் வீட்டுச் சீர்வரிசையில் தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளும் மருமகனைப் போல, அந்த அரசியல் சட்டத்திலிருந்து ‘நீக்க முடியாது’ என்ற ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டார். தொழிலாளர்கள் கடலில் எறியச் சொன்னது இந்தச் சொல்லைத்தான். 1946 அக்டோபர் 22-இல் பொது வேலைநிறுத்தம் தொடங்கியது. 24-இல் புன்னப்புராவில் மோதல். அடுத்த நாள் இராணுவச் சட்டம். 27-இல் வயலாரில் இராணுவத்தின் துப்பாக்கிச் சூடு. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். ஓராண்டு முடிவதற்குள் சி.பி. பதவியை விட்டுத் திருவிதாங்கூரிலிருந்தே வெளியேறினார்.

அப்படியானால் அமெரிக்காவின் அசல் மாடல் குறையற்றதா? 1787-இல் அதை வரைந்த பிரதிநிதிகளில் கணிசமானோர் அடிமைகளை உடைமையாக வைத்திருந்தவர்கள். அடிமைகளுக்கு வாக்கு இல்லை. ஆனால் ஒரு மாநிலத்துக்கு எத்தனை பிரதிநிதிகள் என்று கணக்கிடும்போது ஐந்து அடிமைகளை மூன்று பேராக எண்ணிக்கொண்டார்கள். அடிமைப்பட்டவனின் தலையை எண்ணி ஆண்டைக்குக் கூடுதல் இடம்! ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் வாக்காளர் குழுவிலும் இதே கணக்கு. உள்நாட்டுப் போருக்குப் பின் 1865-இல் அடிமைமுறை ஒழிந்தது. 1870-இல் இனத்தின் பெயரால் வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்ற திருத்தம் வந்தது. ஆயினும் தென்மாநிலங்களில் வாக்குவரி, எழுத்தறிவுச் சோதனை, கும்பல் கொலை ஆகியவற்றின் மூலம் கறுப்பின மக்களை வாக்குச்சாவடியிலிருந்து விரட்டியே வைத்திருந்தார்கள். செல்மா நகரப் பாலத்தில் 1965 மார்ச்சில் ரத்தம் சிந்திய பிறகே, அவ்வாண்டு ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் பிறந்தது. பெண்களுக்கு நாடு முழுவதும் வாக்கு கிடைத்தது 1920-இல்தான். வாக்காளர் குழுவோ இன்றும் நீடிக்கிறது. 2000-இலும் 2016-இலும் நாடு முழுவதும் குறைந்த வாக்குகள் பெற்றவரே ஜனாதிபதியானார்.

நமது அரசியல் சட்டத்தை வகுத்தபோது இவையெல்லாம் அலசப்பட்டன. 1948 நவம்பர் 4-ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் நகல் சட்டத்தை முன்வைத்துப் பேசிய டாக்டர் அம்பேத்கர் இரண்டு முறைகளையும் ஒப்பிட்டார். அமெரிக்க முறையில் ஆட்சிக்கு நிலைத்தன்மை அதிகம், பொறுப்பு குறைவு. அங்கே நிர்வாகத்தை மதிப்பிடுவது குறிப்பிட்ட கால இடைவெளியில்தான். நாடாளுமன்ற முறையில் தேர்தலின்போதும் மதிப்பீடு உண்டு, கேள்விகளாலும் தீர்மானங்களாலும் நாள்தோறும் உண்டு. இரண்டையும் ஒருசேர முழுமையாகப் பெற முடியாதாகையால், நகல் சட்டம் பொறுப்புக்கே முதலிடம் தந்தது என்பது அவரது விளக்கம். 2024 டிசம்பரில் மக்களவையில் கொண்டுவரப்பட்ட ‘ஒரே நாடு, ஒரே தேர்தல்’ மசோதாவை இந்த உரையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். ஒரு சட்டமன்றம் இடையில் கலைந்தால், புதிதாகத் தேர்ந்தெடுக்கப்படும் சட்டமன்றம் எஞ்சிய காலத்துக்கு மட்டுமே நீடிக்கும் என்கிறது அது. நிலைத்தன்மை என்ற பெயரில் பொறுப்பைக் குறைக்கும் அதே தராசுதான் மீண்டும் வருகிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் அமெரிக்க ஏற்பாடு நம்முடையதைவிட மேலானது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அங்கே ஒரு மாநிலத்தின் ஆளுநர் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர். அவரையோ மாநிலச் சட்டமன்றத்தையோ கலைத்து வீட்டுக்கு அனுப்பும் அதிகாரம் வாஷிங்டனுக்கு இல்லை. சட்டமன்றத்தில் பெரும்பான்மை இருந்தபோதே தோழர் இ.எம்.எஸ். அமைச்சரவை 1959 ஜூலை 31-இல் 356-ஆவது பிரிவின்படி நீக்கப்பட்டதைக் கண்ட மாநிலத்தில் அமர்ந்துகொண்டு இதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

இனி மட்டாஞ்சேரிக்கு வருவோம். 1946-இல் இந்தச் சிறு கரையிலேயே ஒரு மனிதன் காலார நடந்து இரண்டு ஆட்சிகளைப் பார்க்கலாம். கோட்டைக் கொச்சி நேரடி பிரிட்டிஷ் ஆட்சியில்; மட்டாஞ்சேரி கொச்சி மன்னரின் ஆட்சியில். கொச்சி சமஸ்தானத்தில் 1938-லேயே சில துறைகள் சட்டமன்றத்துக்குப் பொறுப்பான ஓர் அமைச்சரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தன. பின்னர் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தன. வயது வந்தோர் வாக்குரிமையும் பொறுப்பாட்சியும் வந்தன. வயலாரில் கேட்டது கிடைத்துவிட்டது அல்லவா?

துறைமுகத்து வாயிலில் கிடைக்கவில்லை. அங்கே ஆட்சி மூப்பனுடையது. தேயிலைத் தோட்டத்துக் கங்காணியை அறிந்த தமிழ்த் தோழர்களுக்கு மூப்பன் யாரென்று விளக்க வேண்டியதில்லை. விடியலில் வேலை தேடி வந்து நிற்கும் கூட்டத்தின் மீது அவர் உலோக வில்லைகளை வீசுவார். அதுதான் சாப்பா. பாய்ந்து, மிதித்து, சக தொழிலாளியை அடித்துத் தள்ளிப் பொறுக்கியவனுக்கு அன்று வேலை. மற்றவன் வீட்டில் அடுப்பு எரியாது. சட்டமன்றம் நீக்க முடியாத திவான் போய்விட்டார். எவராலும் நீக்க முடியாத மூப்பன் இருந்தார். இதை எதிர்த்துப் போராடிய தொழிலாளர்கள் மீது 1953 செப்டம்பர் 15-ஆம் நாள் மட்டாஞ்சேரியில் போலீஸ் சுட்டது. சைதுவும் சைதலவியும் குண்டுக்குப் பலியானார்கள்; அந்தோணி போலீசாரின் சித்திரவதையால் உயிரிழந்தார். அப்போது இருந்தது, சட்டமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய, ஏ.ஜே. ஜான் தலைமையிலான காங்கிரஸ் அமைச்சரவை.

இதே சாப்பா அமெரிக்கத் துறைமுகங்களிலும் இருந்தது என்பதைத் தோழர்கள் அறிய வேண்டும். அங்கே வில்லை இல்லை. விரல் நீட்டல் இருந்தது. அதிகாலையில் தொழிலாளர்கள் அரைவட்டமாக நிற்க, மேஸ்திரி தனக்கு வேண்டியவர்களைச் சுட்டி எடுப்பார். ‘ஷேப்-அப்’ என்று அதற்குப் பெயர். அவருக்குக் கையூட்டு கொடுத்தவனுக்கு வேலை, சங்கம் பேசியவனுக்குப் பட்டினி. இதை ஒழிக்க 1934 மே 9-இல் பசிபிக் கரைத் துறைமுகங்கள் முழுவதும் வேலைநிறுத்தம் தொடங்கியது. ஜூலை 5-இல் சான் பிரான்சிஸ்கோவில் போலீஸ் சுட்டு, ஹோவர்டு ஸ்பெரி என்ற துறைமுகத் தொழிலாளியும், நிக் போர்டாய்ஸ் என்ற சமையல்காரரும் மாண்டனர். போர்டாய்ஸ் கிரேக்க நாட்டிலிருந்து வந்தவர், கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினர். நகரமே நான்கு நாள் பொது வேலைநிறுத்தத்தில் இறங்கியது. அக்டோபரில் வந்த நடுவர் தீர்ப்பு, வேலையைப் பகிர்ந்தளிக்கும் பதிவகத்தை முதலாளிகளும் சங்கமும் கூட்டாக நடத்த வேண்டும், பெயரழைத்து அனுப்பும் ஊழியரைச் சங்கமே தேர்ந்தெடுக்கும் என்று கூறியது. வேலை கொடுப்பவரைத் தொழிலாளி தேர்ந்தெடுப்பது! பிலடெல்பியாவில் வரையப்பட்ட சட்டத்தில் இந்த உரிமை எந்தப் பிரிவிலும் இல்லை. இத்தகைய போராட்டங்களின் அழுத்தத்தில்தான் 1935-இல் சங்கம் அமைக்கும் உரிமைக்கான வாக்னர் சட்டம் நிறைவேறியது. அதிலும் விவசாயத் தொழிலாளர்களையும் வீட்டு வேலைக்காரர்களையும் சேர்க்கவில்லை. தென்மாநிலக் கறுப்பினத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் அந்த இரு வேலைகளில்தான் இருந்தார்கள்.

நியூயார்க்கில் கதை வேறு. அங்கே சங்கத் தலைமையே ரவுடிக் கும்பல்களோடு கைகோத்திருந்ததால் ஷேப்-அப் நீண்ட காலம் நீடித்தது. நியூயார்க், நியூ ஜெர்சி என்ற இரு மாநிலங்கள் உடன்படிக்கை செய்து, மாநிலங்களுக்கிடையிலான உடன்படிக்கைக்குக் காங்கிரசின் சம்மதம் வேண்டும் என்ற அரசியல் சட்ட விதிப்படி அந்தச் சம்மதத்தையும் பெற்று, அந்த முறையை ஒழித்தன. காங்கிரசின் சம்மதம் கிடைத்தது 1953 ஆகஸ்டில். அடுத்த மாதம்தான் மட்டாஞ்சேரியில் துப்பாக்கி வெடித்தது. துறைமுகத் தொழிலாளர் வேலை ஒழுங்குமுறைச் சட்டம் நம் நாட்டில் 1948-லேயே இயற்றப்பட்டிருந்தது. கொச்சிக்கான திட்டம் 1959-இல்தான் வந்தது. சாப்பா முற்றாக மறைய அதற்கும் மேல் சில ஆண்டுகள் ஆயின.

அமெரிக்காவின் மேற்குக் கரைத் துறைமுகத் தொழிலாளர்கள் இன்றும் ஆண்டுதோறும் ஜூலை 5-இல் வேலையை நிறுத்தித் தங்கள் தியாகிகளை நினைவுகூர்கிறார்கள். நாம் செப்டம்பர் 15-இல் கூடுகிறோம். இந்த ஆண்டு நினைவுக் கூட்டத்தில் சைது, சைதலவி, அந்தோணி என்ற பெயர்களோடு ஸ்பெரி, போர்டாய்ஸ் என்ற பெயர்களையும் வாசிக்கலாம் என்று கிளைக்கு ஒரு யோசனையை முன்வைக்கிறேன். கேள்விகள் இருந்தால் இப்போது கேளுங்கள்.