பாலைவனத்திற் பாய்ந்த லொறி: யான் டி றோய் நினைவு

லொறி என்னும் வாகனத்தை எவரும் வேகத்தோடு சேர்த்து நினைப்பதில்லை. அரிசி மூட்டையும் விறகும் செங்கல்லும் சுமந்து, ஏற்றங்களில் முனகி, பின்னால் வரும் கார்க்காரரின் ஏச்சையும் வாங்கிக்கொண்டு செல்வது அது. அத்தகைய வாகனத்தை ஐரோப்பாவின் தலைசிறந்த பந்தயக் காருக்குப் பக்கத்தில் செலுத்தி, ஆபிரிக்கப் பாலைவெளியில் அதனை முந்திக் காட்டிய மனிதர் ஒருவர், 2024-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், தமது எண்பது வயதிற் காலமானார். அவர் பெயர் யான் டி றோய். ஒல்லாந்து தேசத்தவர்.

ஒல்லாந்தர் என்றதும் நேயர்களுக்கு யாழ்ப்பாணத்துக் கோட்டையும் பழைய தோம்பேடுகளும் நினைவுக்கு வரலாம். அந்த ஒல்லாந்தர் கடலோடிகள்; கப்பலும் கணக்கும் அவர்கள் கைக்கருவிகள். டி றோய் பிறந்து வளர்ந்த பகுதியோ கடலை விட்டுத் தள்ளியுள்ள தென்னாடு. அயின்தோவன் நகரத்துக்கு அண்மையிலுள்ள சொன் என்னும் சிற்றூரே அவர் குடும்பத்தின் ஊர். 1943-ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் அவர் பிறந்தபோது அந்நாடு ஜெர்மானியரின் பிடியில் இருந்தது. 1944 செப்ரெம்பரில், நேசப்படையினர் பாராசூட் மூலம் வந்திறங்கிய இடங்களுள் சொன் ஊரின் வெளிகளும் அடங்கும். ஒன்றரை வயதுக் குழந்தைக்கு அதில் ஒன்றும் நினைவிருந்திராது. ஆனால் போருக்குப் பின் இடிந்து கிடந்த ஒரு நாட்டைத் திரும்பக் கட்டியெழுப்பச் சாமான்கள் ஓயாது ஏற்றியிறக்கப்பட்ட காலமே அவருடைய இளமைக் காலம். தந்தையார் நடத்தியது லொறிப் போக்குவரத்துத் தொழில். மகனுக்குப் பள்ளிக்கூடத்தைவிட லொறிக் கொட்டகை நெருக்கமாயிருந்ததில் வியப்பில்லை.

அயின்தோவன் நகரிலேதான் டஃப் என்னும் வாகனத் தொழிற்சாலையும் இருக்கிறது. 1928-இல் வான் டோர்ன் என்னும் குடும்பத்தவர் சிறியதொரு பட்டறையாகத் தொடங்கியது அது. லொறிகளுக்குப் பேர்போன அந்நிறுவனம் 1958-இல் ஒரு சின்னஞ்சிறு காரையும் வெளியிட்டது. அதில் பல்லுச் சக்கரங்களாலான கியர்ப் பெட்டி கிடையாது. அதற்குப் பதிலாக, விரிந்தும் சுருங்கியும் கொடுக்கும் கப்பிகளின் மேல் றப்பர்ப் பட்டிகள் ஓடும். வேகத்துக்கேற்ப விகிதம் தானாகவே மாறும். சாரதி செய்யவேண்டியது கால்மிதியை அழுத்துவது ஒன்றே. ஓட்டுவதற்கு இத்தனை எளிதாயிருந்ததனால், வயோதிபருக்கும் வாகனம் பழகாதவருக்கும் உரிய கார் என்று பலர் அதனை எள்ளி நகையாடினார்கள்.

அந்த எள்ளலுக்குப் பந்தயத் திடலில் விடையளித்தவர்களுள் டி றோயும் ஒருவர். சேறும் புல்லும் கல்லும் கலந்த சிறு வட்டப் பாதையிற் கார்களை விரட்டும் ஒருவகைப் பந்தயம் அக்காலத்தில் ஐரோப்பாவிற் புதிதாகப் பரவிவந்தது. 1970-களின் தொடக்கத்தில், அவரும் அவர் தம்பி ஹரியும் நான்கு சில்லுகளும் உந்தும்படி மாற்றியமைக்கப்பட்ட டஃப் கார்களில் அப்பந்தயங்களில் இறங்கினர். பட்டியில் ஓடும் கார் என்று சிரித்தவர்கள், சேற்றிலே தம் கார்களின் சில்லுகள் சுழன்று நிற்க, அந்தக் கார்கள் நழுவாமல் முன்னே போவதைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டியதாயிற்று. இழுவை எல்லாச் சில்லுகளுக்கும் போகவேண்டும் என்ற பாடத்தை அவர் அங்கேதான் கற்றார் எனலாம். அதனைப் பின்னர் மணலுக்கும் கொண்டு சென்றார்.

மணல் என்றது பாரிசு-டக்கார் ஓட்டத்தை. தியெரி சபின் என்னும் பிரெஞ்சுக்காரர், 1977-இல் லிபியப் பாலைவனத்தில் மோட்டார் சைக்கிளோடு வழிதவறி, உயிர் தப்பி வந்தபின் எண்ணியமைத்த போட்டி அது. 1978 டிசம்பர் 26-ஆம் திகதி பாரிசிலிருந்து முதல் ஓட்டம் புறப்பட்டது. சகாராவைக் கடந்து செனகல் நாட்டின் தலைநகராகிய டக்காரை மறு மாதம் சென்றடைந்தது. மோட்டார் சைக்கிள்கள், கார்கள் ஆகியவற்றோடு, 1980 முதல் லொறிகளுக்கும் தனிப் பரிசு வைக்கப்பட்டது. எனினும் தொடக்க காலத்தில் லொறியின் உண்மையான வேலை வேறு. பந்தயக் கார்களுக்கு வேண்டிய ரயர், அச்சு, எண்ணெய் முதலியவற்றை ஏற்றிக்கொண்டு பின்னே வருவதும், பழுதான காரை இரவோடிரவாகச் சீர்செய்யும் வினைஞர்களைக் கொண்டு வருவதுமே அதன் கடமை. எசமானைப் பின்தொடரும் பணியாளன் போன்றது அதன் நிலை.

1982-இல் டி றோய் முதன்முறையாக அவ்வோட்டத்திற் கலந்துகொண்டார். தாம் ஓட்டுவது பணியாளனின் வண்டி என்று அவர் ஒருபோதும் கருதவில்லை. டஃப் நிறுவனத்தின் லொறியையே எடுத்துக்கொண்டு, ஆண்டுதோறும் அதனை மாற்றி மாற்றி அமைத்தார். 1984-இல் அவர் கொண்டுவந்த வண்டியைக் கண்டவர்கள் தங்கள் கண்களையே நம்பவில்லை. முன்னுக்கு ஒரு சாரதியறை, பின்னுக்கு ஒரு சாரதியறை. இரண்டின் கீழும் இரண்டு எஞ்சின்கள். ஒல்லாந்தர் அதற்கு இருதலைப் பூதம் என்று பெயரிட்டனர். எந்தப் பக்கம் முகம், எந்தப் பக்கம் முதுகு என்று தெரியாத அந்த வண்டியைப் பார்த்துச் சிரித்தவர் பலர். முதற்பரிசும் கிட்டவில்லை. ஆனால் அந்த விசித்திரத்துக்குள் ஒரு நல்ல எண்ணம் மறைந்திருந்தது.

மணலில் வண்டி புதைவது ஏன்? ஒரு சில்லு பிடியிழந்து சுழலத் தொடங்கினால், அது தன் குழியைத் தானே தோண்டிக்கொள்கிறது. ஆகவே வலு எல்லாச் சில்லுக்கும் ஒழுங்காகப் பரவவேண்டும். ஒரே எஞ்சினின் வலுவை முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் பிரித்துக் கொடுப்பதற்கு இடையே ஒரு கனத்த பல்லுப்பெட்டி தேவை. வலு கூடக்கூட அப்பெட்டியும் தண்டுகளும் பருத்துக்கொண்டே போகவேண்டும், அல்லது முறியும். டி றோயும் அவருடைய பொறியியலாளரும் இந்தச் சிக்கலை வேறு வழியால் அறுத்தார்கள். முன்னச்சுக்கு ஓர் எஞ்சின், பின்னச்சுக்கு ஓர் எஞ்சின், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி கியர். ஓர் எஞ்சின் களைத்தாலும் மற்றையது வண்டியை இழுத்துக்கொண்டு போகும். இரண்டையும் ஒரே தாளத்தில் ஓடச் செய்வது எளிதன்று. ஒன்று முந்தினால் வண்டி தன்னோடு தானே சண்டை பிடிக்கும். வருடங்களாகப் பட்டறையில் அவர்கள் மாரடித்தது பெரும்பாலும் அந்த ஒற்றுமைக்காகவே.

எஞ்சின்கள் சாதாரண லொறிக்குரிய டீசல் எஞ்சின்களின் வழித்தோன்றல்களே. ஆறு சிலிண்டர்கள், ஒவ்வொன்றும் 11.6 லீற்றர் கொள்ளளவு. வெளியேறும் புகையின் விசையாலேயே ஒரு சிறு விசிறியைச் சுழற்றி, மேலதிகக் காற்றை எஞ்சினுக்குள் அமுக்கிச் செலுத்தும் ரேர்போ என்னும் கருவியே அவற்றுக்கு மிதமிஞ்சிய பலத்தைக் கொடுத்தது. இரட்டை ரேர்போ வண்டி என்ற பொருள்பட அந்த லொறிக்கு ரேர்போ-ருவின் என்று பெயர் வைத்தார்கள். 1988-இல் வந்த கடைசி வடிவத்தில் இரு எஞ்சின்களும் சேர்ந்து ஏறக்குறைய 1,200 குதிரைவலு தந்தன. வண்டியின் நிறையோ ஏறத்தாழ 10 தொன். அவ்வளவு பாரமுள்ள ஒன்று மணிக்கு 200 கிலோமீற்றருக்கு மேல், தார் வீதியிலன்று, மண்ணிலும் சரளையிலும் பாய்ந்தது.

அதனுள் மூவர் அமர்வர்: சாரதி, வழிகாட்டி, இயந்திர வினைஞர். செயற்கைக்கோளைக் கொண்டு இடமறியும் கருவிகள் அப்பந்தயத்திற் பயன்படாத காலம். வழிக்குறிப்புப் புத்தகமும் திசையறி கருவியும் தூரமானியுமே துணை. ஐரோப்பிய லொறிகளில் சாரதியறை முன்னச்சின் மேலேயே அமைந்திருப்பதால், ஒவ்வொரு பள்ளமும் முதலில் மனிதருடைய முதுகெலும்பையே தாக்கும். இந்நிலையில் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் வீதம், மூன்று வாரம்!

1987-ஆம் ஆண்டு ஜனவரியில் உழைப்பு பலித்தது. லொறிகளுக்கான முதலிடம் டி றோய்க்குக் கிடைத்தது. மேர்சிடிஸ் வண்டிகள் 1982 முதல் 1986 வரை வருடந்தோறும் பிடித்துவைத்திருந்த இடம் அது. லொறிகளை வென்றதோடு அவர் அமையவில்லை. நாள்தோறும் கார்களின் கூட்டத்துக்குள்ளேயே புகுந்து ஓடினார். கார்ப் பிரிவில் வென்ற பின்லாந்துக்காரராகிய ஆரி வத்தானனின் பெயருக்கு அடுத்தபடியாக, ஒல்லாந்தில் மட்டுமன்றிப் பிரான்சிலும் பேசப்பட்டது இந்த லொறிக்காரரின் பெயரே.

அடுத்த ஆண்டு நிகழ்ந்தது இன்றும் திரைப்படச் சுருளில் இருக்கிறது. வானூர்தியிலிருந்து எடுத்த படம். வத்தானன் செலுத்தும் பேஜோ கார், அந்நாளின் அதிவேகப் பாலைவனக் கார், புழுதியைக் கிளப்பிக்கொண்டு பறக்கிறது. அதன் பக்கத்தில் ஒரு வீடு நகர்ந்து வருவது போல டஃப் லொறி வருகிறது. சற்று நேரம் இணையாக ஓடுகிறது. பின்பு முந்திச் செல்கிறது. இதைக் கண்டு கைகொட்டி மகிழாதவர் அருமை. பெரியவனைச் சிறியவன் வெல்லும் கதைகள் பலவுண்டு. மந்தமானவன் என்று பெயரெடுத்தவன் வேகக்காரனை வெல்லும் கதை அரிது. அந்தப் படத்தின் கவர்ச்சி அதுவே. ஆயினும் 10 தொன் இரும்பு அந்த வேகத்தில் ஒரு கல்லிலோ மேட்டிலோ தட்டினால் என்னவாகும் என்ற கேள்வியும் அதே படத்தில் இருந்தது. அதைக் கேட்டவர்கள் மிகச் சிலர்.

விடை சில நாட்களிலேயே கிடைத்தது. 1988-இல் டஃப் அணி இரண்டு இரட்டை எஞ்சின் லொறிகளை அனுப்பியிருந்தது. ஒன்றை டி றோய் ஓட்டினார். மற்றையது நைஜர் நாட்டுப் பாலைப் பகுதியில், அதிவேகத்தில் ஓடிக்கொண்டிருக்கையில் நிலைதவறி, பலமுறை உருண்டு புரண்டது. வழிகாட்டியாயிருந்த கேஸ் வான் லூவசெயின் என்பவர் தம் ஆசனத்தோடு வெளியே வீசப்பட்டு உயிரிழந்தார். மற்ற இருவரும் காயங்களோடு தப்பினர். வெற்றி எட்டும் தூரத்திலிருந்தும் டி றோய் போட்டியிலிருந்து விலகிக்கொண்டார். டஃப் நிறுவனமும் தன் பந்தயக் கொடியை இறக்கியது. அந்த ஆண்டு லொறிப் பரிசு செக்கோசிலவாக்கியராகிய காரல் லொப்ரைஸ் என்பவருக்குச் சென்றது. மொத்தம் ஆறுமுறை வென்று புகழ்பெற்று, 2021-இல் மறைந்தவர் அவர்.

அவ்வாண்டு ஓட்டத்தில் மாண்டவர் ஒருவரல்லர். போட்டியாளர் மூவரும், பாதையோரத்து ஆபிரிக்க மக்கள் மூவரும் இறந்தனர். அம்மூவருள் சிறுமியரும் இருந்தனர். போட்டியாளன் ஆபத்தைத் தெரிந்தே மேற்கொள்கிறான். தன் ஊர் வீதியைக் கடக்கும் குழந்தை எதையும் மேற்கொள்ளவில்லை. ஐரோப்பியப் பத்திரிகைகள் அப்போது எழுப்பிய கண்டனக் குரல் நியாயமானதே. 1989-இல் லொறிகளுக்குப் போட்டியே வைக்கப்படவில்லை. 1990-இல் மறுபடியும் சேர்த்துக்கொண்டபோது, அந்த அசுர வண்டிகளின் காலம் முடிந்துவிட்டது. பிற்காலத்தில் லொறிகளுக்கு வேக எல்லையும் விதிக்கப்பட்டது.

டி றோய் அந்த வேகத்தைத் தேடிச் சென்றவர்களுள் முதல்வர். ஆகையால் அதன் விலையிலும் அவருக்குப் பங்குண்டு. அவருடைய புகழைச் சொல்பவர் இதனை மறைத்தல் தகாது. ஆனால் ஒன்றையும் சொல்லவேண்டும். தோழன் இறந்தபின் பரிசுக்காகத் தொடர்ந்து ஓடியவர்கள் பந்தய உலகில் உண்டு, இவர் ஓடவில்லை. 14 ஆண்டுகள் அந்த ஓட்டத்திற் கால் வைக்கவில்லை. தந்தையார் விட்டுச்சென்ற போக்குவரத்துத் தொழிலைக் கவனித்தார். சாதாரண லொறிகள், சாதாரணப் பாரங்கள், சாதாரண வேகம்.

2002-இல், அறுபதை நெருங்கிய வயதில், அவர் மீண்டும் டக்கார் ஓட்டத்துக்கு வந்தார். இம்முறை ஒற்றை எஞ்சின் டஃப் லொறி. காலப்போக்கில் மகன் கெராட்டும் அதே பாதைக்கு வந்தார். தந்தையும் மகனும் ஒரே போட்டியில் வெவ்வேறு லொறிகளை ஓட்டிய காட்சியை அப்பந்தயம் கண்டது. மொரித்தானியாவிற் பாதுகாப்பின்மை காரணமாக 2008-இல் ஓட்டம் நிறுத்தப்பட்டு, 2009 முதல் தென்னமெரிக்காவுக்கு மாற்றப்பட்டது. ஆபிரிக்கா போயிற்று, டக்கார் என்ற பெயர் மட்டும் நின்றது. அங்கே 2012-இலும் 2016-இலும் லொறிப் பிரிவில் முதலாவதாக வந்தவர் கெராட் டி றோய். வண்டி டஃப் அன்று, இவேக்கோ என்னும் இத்தாலிய லொறி, எஞ்சினும் ஒன்றுதான்.