பெட்டி உடைக்கிற அன்று சண்டை வரட்டும்

நடுவர் அவர்களே, எதிரணித் தலைவர் அவர்களே, கச்சான் கொறித்தபடியே தீர்ப்பை எழுதி முடித்துவிட்ட சபையோரே, வணக்கம்.

புதிதாக வாங்கிய மின்சாமானை வீட்டார் கூடிப் பூட்டுவது பயனா, பாழா என்பது தலைப்பு. பயன் என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய தம்பி கெட்டிக்காரர். "காசு குடுத்தால் ஆள் வந்து பத்து நிமிசத்தில பூட்டிப்போட்டுப் போயிடுவான். குடும்பம் கூடினால் நாலு மணித்தியாலம், அதில மூண்டரை மணித்தியாலம் சண்டை" என்றார். நீங்கள் கை தட்டினீர்கள். நானும்தான் தட்டினேன். சண்டை வரும் என்பதை நான் மறுக்கவே போவதில்லை. அந்தச் சண்டையில் வீட்டுக்கு என்ன மிஞ்சுகிறது என்பதுதான் என் கதை.

உடுப்புத் தோய்க்கிற மெசினை எடுங்கள். எங்கள் யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கிறது. கேத்தலின் அடியில் வெள்ளை படியாத வீடு வலிகாமத்தில் உண்டா? அதே கிணற்றுத் தண்ணீர்தான் மெசினுக்கும் போகிறது. குழாய் பூட்டும் வாயில் ஒரு சின்னச் சல்லடை இருக்கும். சில மாதத்தில் அது அடைபடும். தண்ணீர் ஏறாது, மெசின் லைற்றைச் சிமிட்டிக்கொண்டு நிற்கும். ஆள் வந்து பூட்டிய வீட்டில் அதற்குப் பெயர் 'மெசின் பழுது'. அப்பா குழாயைப் பிடிக்க, மகள் எட்டிப் பார்த்து "இதுக்குள்ள வலை மாதிரி என்னவோ கிடக்கு" என்று சொன்ன வீட்டில், பல்லுத் தீட்டிய பழைய பிரஷ் ஒன்றோடு காரியம் முடிந்துவிடும்.

கனடாவில் இருந்து மாமி கொண்டுவரும் சோறு அவிக்கிற குக்கரையும் பார்ப்போம். அங்கே 120 வோல்ற், இங்கே 230. ஐந்நூறு ரூபாய் அடப்ரர் பிளக்கின் காலை மாற்றுமே தவிர, வோல்ற்றை மாற்றாது. இது தெரியாமல் சுவிச்சைப் போட்டால் சோற்றுக்கு முன் குக்கரே அவிந்துவிடும். சாமானின் அடியில் பொடி எழுத்தில் எல்லாம் எழுதித்தான் இருக்கும். 100–240 என்றிருந்தால் பயமில்லை. 120 மட்டும் என்றால் தொடக்கூடாது. அந்த எழுத்து வீட்டில் யார் கண்ணுக்குத் தெரியும்? அப்பாவுக்குக் கண்ணாடி வேண்டும். அம்மாவுக்கு மாமி கோபிப்பாவே என்ற கவலை. ஓ.எல். படிக்கிற பிள்ளைதான் வாசிக்கும். அந்தப் பிள்ளையும் பக்கத்தில் நின்றால்தானே!

"அந்தக் காலத்தில் இந்தத் தொல்லை இல்லை" என்று எதிரணியில் ஒரு ஐயா சொன்னார். ஐயா, 1982இல் ரூபவாகினித் தொலைக்காட்சி வந்த பிறகு இந்த ஊரில் அன்ரெனா திருப்பாத குடும்பம் எது? அதிலும் கொடைக்கானல் வழியாகத் தூரதர்சன் பிடிக்க உயர உயரக் குழாய் நட்டோமே, அது தனி ஒருவர் வேலையா? அண்ணன் கூரையில், தம்பி முற்றத்தில், அம்மா யன்னலடியில், அப்பா பெட்டிக்கு முன்னால் கதிரை போட்டு.

"தெரியுதோ?"

"இல்லை, இன்னும் கொஞ்சம் கிழக்கால திருப்பு."

"இப்ப?"

"ஐயோ, விட்டிட்டாயடா! முந்தித் தெரிஞ்சது!"

வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' முடியும்வரை அண்ணன் கூரையை விட்டு இறங்கவில்லை என்ற கதை இந்தச் சபையில் எத்தனை வீட்டில் உண்டு என்று நான் கேட்கமாட்டேன். மேற்கு எது, எந்தக் காற்றுக்குப் படம் ஆடும் என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

பிறகு 1990. போரில் மின்சாரம் போனது. பற்றறிக்குத் தடை. பூட்டித் தர ஆள் கூப்பிட வழியில்லை. என்ன செய்தோம்? சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி டைனமோவில் றேடியோ கேட்டோம். சும்மா இரண்டு வயரை முறுக்கிவிட்டால் அது பாடாது. டைனமோ தருவது ஆடலோட்டம், றேடியோ கேட்பது நேரோட்டம். இடையில் இருவாயி வைக்க வேண்டும். ஒருவர் மிதிக்க வேண்டும்; மிதி தளர்ந்தால் பிபிசி தமிழோசையும் தளரும். "மிதியடா, செய்தி போகுது!" என்று அதட்டிய அப்பப்பாவும், களைத்துப்போய் "இனி நீங்கள் மிதியுங்கோ" என்ற பேரனும் சேர்ந்து உண்டாக்கிய மின்சாரம் அது. கூடி நின்று பழகிய கைகள் இருந்த வீட்டுக்குச் செய்தி வந்தது. மற்ற வீட்டார் இவர்களின் வேலியோரம் வந்து நின்று கேட்டார்கள்.

இப்போது கதை வேறு என்பீர்கள். வேறுதான். ஸ்மார்ட் ரீவிக்குக் கூரையில் ஏறத் தேவையில்லை. அது மின்னஞ்சல் கேட்கும், கடவுச்சொல் கேட்கும், பிறகு ஒரு இலக்கத்தை ஃபோனுக்கு அனுப்பும். எந்த ஃபோனுக்கு? ரொறன்ரோவில் இருக்கிற மகனின் ஃபோனுக்கு! போன வருசத் திருவிழாவுக்கு வந்தபோது தன் கணக்கில் அவன் பூட்டிவிட்டுப் போனது. நல்ல மனம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் ரீவி ஒருநாள் எல்லாவற்றையும் மறந்து திரும்ப இலக்கம் கேட்கும்போது இங்கே காலை பத்து மணி, அங்கே நடுச்சாமம். பிள்ளையின் நித்திரையைக் குழப்பக்கூடாது என்று அம்மா பொறுப்பா. இரவு எடுத்தால் அவன் வேலையில். இப்படியே கிழமை போகும். ரீவி நிற்பது அம்மாவின் விறாந்தையில். திறப்பு கடலுக்கு அப்பால்.

பூட்டும்போது பக்கத்தில் இல்லாதவர் பிறகு அந்தச் சாமானுக்குக் கெஞ்ச வேண்டியவர் ஆகிறார். பெரும்பாலும் அது அம்மாவும் அம்மம்மாவும்தான். "உங்களுக்கு விளங்காது, தள்ளி நில்லுங்கோ" என்ற ஒரு சொல்லில் அவர்களை வெளியே விட்டுவிடுகிறோம். ஆம்பிளைப் பிள்ளைகள் பெட்டி உடைக்க, பெண்கள் தேத்தண்ணி ஊற்ற. அந்த வழக்கத்துக்கு நான் பரிந்து பேச வரவில்லை, நடுவரே. கூடிப் பூட்டுவது என்றால் அம்மாவின் கையில் றிமோட் இருக்க வேண்டும். பிழையான பட்டனை அமத்தினால் மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். இரண்டாவதுதான் கஷ்டம்.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். சுவருக்குள் போகும் வயரிங், ஏர்த், ற்றிப் சுவிச் இவற்றில் குடும்பப் பாசத்தைக் காட்டாதீர்கள். அதற்குப் படித்த எலக்ரீசியனைக் கூப்பிடுங்கள். அவர் வேலை செய்யும்போதும் பிள்ளைகளை விலகி நின்று பார்க்கச் சொல்லுங்கள். ற்றிப் சுவிச் எங்கே இருக்கிறது என்றாவது தெரியட்டும்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். எதிரணித் தலைவரிடம் ஒரே ஒரு கேள்வி. நேரம் மிச்சம், சண்டை இல்லை, எல்லாம் ஆள் வைத்துச் செய்தோம் என்று பெருமையாகச் சொன்னீர்கள் அல்லவா? உங்கள் வீட்டம்மா முன்வரிசையில்தான் இருக்கிறா. உங்கள் வீட்டு வைஃபையின் கடவுச்சொல் தனக்குத் தெரியுமா என்று அவவே எழும்பிச் சொல்லட்டும்.