வண்டுக்கும் புல்லுக்கும் நடுவே ஒரு கோடு

(செங்கல்பட்டில் அறிவியல் ஆசிரியர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



'தாவரம், விலங்கு – வேறுபடுத்துக.' இந்த வினா இல்லாமல் நம்மில் யாரும் ஒரு கல்வியாண்டைக் கடந்ததில்லை. பிள்ளைகள் நடுவில் ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கம் நான்கு, அந்தப் பக்கம் நான்கு எழுதி முழு மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். அந்தக் கோட்டின் மேல்தான் எனக்குச் சந்தேகம். 'தாவரம் கார்பன் டை ஆக்சைடை எடுக்கும், விலங்கு ஆக்சிஜனை எடுக்கும்' என்று எழுதிப் பழகிய பிள்ளை, புல் சுவாசிப்பதே இல்லை என்று நம்பிக்கொண்டு பத்தாம் வகுப்புக்கு வந்து சேர்கிறது. இரவில் மட்டும் சுவாசிக்கும் என்பவர்களும் உண்டு.

எங்கள் பள்ளி மாமல்லபுரத்துக்குத் தெற்கே, மணற்பாங்கான ஊரில் இருக்கிறது. மைதானத்து ஓரமெல்லாம் அருகம்புல். அதன் நடுவே ஒரு பிளாஸ்டிக் டம்ளரை, வாய் தரைமட்டத்தில் இருக்குமாறு மாலையில் புதைத்து வைத்தோம். காலையில் உள்ளே ஒரு தரைவண்டு. கறுப்பு; இடுப்பு ஒடுங்கியது; முன்கால்கள் தட்டையாக, மண் தோண்டுவதற்கென்றே பல் வைத்தவை. உலகில் இந்தக் குடும்பத்தில் ஏறத்தாழ 40,000 இனங்கள் அறியப்பட்டுள்ளன. பெரும்பாலானவை இரவில் வேட்டையாடிப் புழுக்களைத் தின்பவை, ஆகவே தோட்டக்காரருக்கு நண்பர்கள். (ஒரு எச்சரிக்கை: டம்ளரில் தேளும் விழலாம். கை விடக் கூடாது.)

மூன்று கண்ணாடிக் குடுவைகளை எடுத்துக்கொண்டோம். ஒவ்வொன்றிலும் சிறு கிண்ணத்தில் தெளிந்த சுண்ணாம்பு நீர். ஒன்றில் வேரோடு பிடுங்கிக் கழுவிய அருகம்புல். கறுப்புத் துணியால் சுற்றியாயிற்று. இன்னொன்றில் வண்டு, அது கிண்ணத்தில் விழாமலிருக்க மேலே வலைத்துணி. மூன்றாவது வெறும் குடுவை. மறுநாள் காலையில் புல் இருந்ததிலும் வண்டு இருந்ததிலும் நீர் வெண்மையாகக் கலங்கியிருந்தது. வெறும் குடுவையில் அவ்வளவாக மாற்றமில்லை.

"துணி போட்டதால்தானே சார் அப்படி? வெயிலில் வைத்தால்?" என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. வெயிலில் வைத்தாலும் புல் சுவாசிக்கத்தான் செய்யும். ஆனால் வெளிவரும் கார்பன் டை ஆக்சைடை இலையே உடனுக்குடன் எடுத்துக்கொள்வதால் சுண்ணாம்பு நீருக்குத் தெரியாது. வேரைப் பாருங்கள் என்றேன். அதற்குப் பகலும் இருட்டுதான். பச்சையம் இல்லை. மேலே இலை செய்து அனுப்பும் சர்க்கரையைக் கொண்டு, மண்துகள்களுக்கு இடையிலுள்ள ஆக்சிஜனை எடுத்து வாழ்கிறது. பக்கத்து வளையிலிருக்கும் வண்டும் அதே காற்றைத்தான் எடுக்கிறது. இரண்டின் செல்களிலும் மைட்டோகாண்ட்ரியா உண்டு, வேலையும் ஒன்றே. 150 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய பொது மூதாதையிடமிருந்து வந்த சொத்து அது.

ஏரிக்கரைப் பள்ளிக்காரர்கள் இதை இன்னும் நன்றாகக் காட்டலாம். களிமண்ணில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றால் மண்ணிலிருந்த காற்று வெளியேறி, பல செடிகளின் வேர் அழுகுகிறது. அப்படியானால் நெல் எப்படி நிற்கிறது என்று ஒருவராவது கேட்பார். நெல்லுக்குள் காற்றிடைவெளிகள் உண்டு. அவற்றின் வழியே காற்று மேலிருந்து வேர்வரை போகிறது.

ஒற்றுமை எல்லாமே பரம்பரைச் சொத்து அல்ல. தொல்காப்பிய மரபியல், வன்மை வெளியே இருப்பதைப் புல் என்றும் உள்ளே இருப்பதை மரம் என்றும் பிரிக்கிறது. அந்தக் கணக்கில் பனையும் புல்லே. வன்மையை வெளியே வைத்திருப்பது வண்டும்தான். கணுக்காலி என்று நாம் பெயர் வைத்ததுபோல, கணு அதற்கும் உண்டு. புல்லின் செல்சுவரிலுள்ள செல்லுலோஸ் குளுக்கோஸ் சங்கிலி. வண்டின் ஓட்டிலுள்ள கைட்டின், நைட்ரஜன் சேர்ந்த குளுக்கோஸ் வகையின் சங்கிலி. ஆனால் புறவன்மையும் கணுவும் தனித்தனியே வந்தவை. அமைப்பு ஒத்தவை, செயல் ஒத்தவை என்ற பாடத்துக்கு இதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

இவ்வளவும் பேசிய பிறகு வேறுபாட்டைக் கேட்டேன். ஒரு பையன் அருகந்தண்டைக் கணுக்கணுவாக நறுக்கி மண்ணில் ஊன்றிவிட்டு, "வண்டை இப்படி நட முடியுமா சார்?" என்றான். நம் அட்டவணையில் இல்லாத வேறுபாடு இது. ஒரு வண்டு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று விரல் வைத்துக் காட்டலாம். எங்கள் மைதானத்தில் இருப்பது எத்தனை அருகு என்று யாராலும் எண்ண முடியவில்லை. வளர்ந்த வண்டு மேற்கொண்டு வளராது. அருகு, கணு இருக்கும்வரை வளரும்.

தேர்வுக்கு அட்டவணை வேண்டும்தான். எங்கள் வகுப்பில் ஒரு வரியை மட்டும் மாற்றி எழுதுகிறார்கள். தாவரம்: சுவாசிக்கும், ஒளிச்சேர்க்கையும் செய்யும். விலங்கு: சுவாசிக்கும், ஒளிச்சேர்க்கை செய்யாது. வண்டை அன்று மாலையே பிடித்த இடத்தில் விட்டுவிட்டோம்.